இலையிலும் வேரிலும் வாழும் தோழர்கள்



செடி வளர நீரும் ஒளியும் உரமும் வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஆனால், வேர் எங்கே கிளைக்க வேண்டும், தண்டு எப்பக்கம் வளைய வேண்டும் என்று செடிக்குக் கட்டளையிடுவது எது? செடியினுள் மிகச் சிறிய அளவில் சுரக்கும் இயக்குநீர்களே அவ்வாறு கட்டளையிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது ஆக்சின். ஓட்ஸ் முளைகளைக் கொண்டு இதன் செயலை விளக்கி, 1928-இல் வெளியிட்டவர் ஹாலந்து அறிஞர் வெண்ட்.

செடி ஆக்சினைத் தானே ஆக்கிக்கொள்கிறது. எனினும், அதற்கு வெளியிலிருந்தும் துணை கிடைக்கிறது. இலையின் மீதும் வேரின் மீதும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் இலைப்பரப்பில் அவை பத்து லட்சத்திற்கு மேலும் இருக்கக்கூடும். நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் இலைமேல் வாழும் பாக்டீரியாவை ஆராய்ந்து, 1956-இல் அறிவித்தவர் ருய்னன் அம்மையார்.

இலையும் வேரும் சர்க்கரையையும் வேறு சில சத்துகளையும் சிறிதளவு கசியவிடுகின்றன. அவற்றுள் டிரிப்டோபேன் என்பதும் ஒன்று. பாக்டீரியாக்களுள் பல அதனை ஆக்சினாக மாற்றுகின்றன. 1960-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் லிபர்ட் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். நுண்ணுயிர் அற்ற செடிகளைவிட, நுண்ணுயிர் உள்ள செடிகளில் இம்மாற்றம் பன்மடங்கு விரைவாக நிகழக் கண்டார்.

இதனால் செடிக்கு விளையும் பயன் யாது? வேரருகே வாழும் அசோஸ்பிரில்லம் என்னும் பாக்டீரியா ஆக்சினைச் சுரக்கும்போது, பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. செடி நீரையும் சத்தையும் மிகுதியாக உறிஞ்சுகிறது. செடி உணவளிக்கிறது, பாக்டீரியா வளர்ச்சிக்கு உதவுகிறது.

ஆயினும், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அன்றோ? ஆக்சின் மிகுந்தால் வேர் நீளாமல் குன்றிவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஆக்சினை மிகுதியாகச் சுரக்கும் பாக்டீரியா பேரிக்காயின் மீது பெருகினால், பழத்தின் தோல் சொரசொரப்பாகி விலை குறைந்துவிடுகிறது.

ஆகவே, கிருமிகள் யாவும் நம் பகைவர் அல்ல. தோட்டத்திலும் வீட்டுக் கொல்லையிலும் உதிர்ந்த தழைகளைத் தீயிட்டால், மண்ணின் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் மடியும். அவற்றின் உணவும் சாம்பலாகும். அத்தழைகளைக் குழியிலிட்டு மக்கவைத்து, காய்கறிப் பாத்தியில் இடுங்கள். நாற்றைப் பெயர்க்கும்போது வேரைக் கழுவாமல், ஒட்டிய மண்ணோடு நடுங்கள். வேரும் அறுபடாது, அதன் தோழர்களும் உடன் வருவர். பெற்றோர்களே, பிள்ளைகளோடு சேர்ந்து இதனைச் செய்து பாருங்கள்!