கடன் சுமையிலிருந்து மீளும் வழி: கேரளத் தமிழ் எல்லைப் பகுதிகள் தரும் பாடம்

கடன் பெறுவது தன்னளவில் தீமையன்று. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையேயுள்ள காலத்தைக் கடக்க உழவனுக்குக் கடன் தேவைப்படுகிறது. பிள்ளையின் கல்விக்கும் வீட்டின் கூரைக்கும் கூலிக் குடும்பம் கடனை நாடுகிறது. வருவாயைப் பெருக்குவதற்கோ இழப்பைத் தவிர்ப்பதற்கோ பெறும் கடன் குடும்பத்துக்கு ஊன்றுகோலாகும். பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதுக் கடன் வாங்கும் நிலை வரும்போது அதுவே விலங்காகிவிடுகிறது. இந்த எல்லையைக் குடும்பங்கள் எப்போது கடக்கின்றன, எவ்வாறு திரும்பி வரலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு ஏற்ற களமாகக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளைக் கொள்ளலாம். இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. ஆயினும் இரண்டும் தமிழ்நாட்டை ஒட்டியவை, தமிழ் பேசும் உழைப்பாளர் மிகுந்தவை. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகிய ஊர்களின் காய்கறி விவசாயிகளும் முதலமடையின் மாந்தோப்புத் தொழிலாளர்களும் வாழ்கின்றனர். இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தேயிலை, ஏலத் தோட்டங்கள் உள்ளன. தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு அன்றாடம் வேலைக்கு வந்து திரும்புவோரும் பலர்.

கடனின் வரலாறு

தோட்டத் தொழிலும் கடனும் தொடக்கம் முதலே பின்னிப் பிணைந்தவை. தமிழ் மாவட்டங்களில் ஆள் சேர்த்த கங்காணிகள் முன்பணம் கொடுத்தே தொழிலாளரை மலையேற்றினர். அந்த முன்பணம் தீரும்வரை தொழிலாளி தோட்டத்தை விட்டு நகர இயலவில்லை. இலங்கைத் தோட்டங்களில் இது ‘துண்டு’ முறை என வழங்கிற்று. தொழிலாளியின் கடன் தொகை ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்படும். அத்தொகையைச் செலுத்தும் மற்றொரு தோட்டத்துக்கு அவர் மாற்றப்படுவார். இம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. கடன் என்பது பணத்தை மட்டுமன்றி மனிதனின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது என்பதற்கு இது சான்று.

நாடு விடுதலை பெற்றபின் 1951-52-இல் நடைபெற்ற அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் சுமார் 70 சதவீதம் லேவாதேவிக்காரரிடமிருந்தே வந்தது எனக் கண்டது. கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3 சதவீத அளவிலேயே இருந்தது. பின்னர் 1969-இல் வங்கிகள் நாட்டுடைமையாயின. 1975 முதல் வட்டார ஊரக வங்கிகள் தோன்றின. 1982-இல் நபார்டு வங்கி நிறுவப்பட்டது. இவற்றின் பயனாக நிலைமை பெரிதும் மாறிற்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2018-19 குறித்து நடத்திய ஆய்வின்படி, வேளாண்மைக் குடும்பங்களின் நிலுவைக் கடனில் 69.6 சதவீதம் வங்கி, கூட்டுறவு, அரசு ஆகிய நிறுவனங்களுக்குரியது. தொழில்முறை லேவாதேவியின் பங்கு 20.5 சதவீதம்.

ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் கூறுகிறது. கேரளத்தின் வேளாண்மைக் குடும்பங்களில் 69.9 சதவீதம் கடன்பட்டவை. அகில இந்திய அளவு 50.2 சதவீதமே. கேரளத்தில் ஒரு வேளாண்மைக் குடும்பத்தின் சராசரிக் கடன் 2,42,482 ரூபாய். அகில இந்தியச் சராசரி 74,121 ரூபாய். வங்கிகள் பெருகிய மாநிலத்தில் கடனும் பெருகியிருப்பதில் வியப்பில்லை. வங்கிகள் இவ்வளவு பெருகியும் வாசலில் வட்டிக்காரர் நிற்பதற்குக் காரணம் என்ன என்பதே கேள்வி.

வட்டியின் மொழி

முதற் காரணம், வட்டியின் உண்மை விலை கடனாளிக்குத் தெரிவதில்லை. நம் ஊர்களில் வட்டியை மாதத்துக்கு, நூற்றுக்கு இவ்வளவு என்று கூறுவது வழக்கம். ‘இரண்டு வட்டி’ என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். ‘ஐந்து வட்டி’ 60 சதவீதம். ‘பத்து வட்டி’ 120 சதவீதம். ஐந்து என்னும் சிறிய சொல்லுக்குள் அறுபது மறைந்திருக்கிறது.

தண்டலில் அது மேலும் மறைகிறது. 10,000 ரூபாய்த் தண்டலில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கையில் தரப்படுகிறது எனக் கொள்வோம். நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாளில் கடன் தீரும். ‘ஆயிரம் ரூபாய்தானே வட்டி’ எனத் தோன்றும். ஆனால் 9,000 ரூபாய் முழுவதும் நூறு நாளும் கடனாளியிடம் இருப்பதில்லை. நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அவர் பயன்படுத்துவது ஏறத்தாழ 4,500 ரூபாயே. அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீதம் ஆகிறது.

முறையான நிறுவனங்களின் கடனிலும் இக்கவனம் வேண்டும். 50,000 ரூபாயை ‘12 சதவீத நிலை வட்டி’யில் இரண்டாண்டுக்குப் பெற்றால், வட்டி 12,000 ரூபாய்; மாதத் தவணை ஏறத்தாழ 2,583 ரூபாய். அசல் மாதந்தோறும் குறைந்தும் வட்டி முழுத் தொகைக்கே கணக்கிடப்படுவதால், உண்மை வட்டி 22 சதவீதத்தை நெருங்குகிறது. இதனால்தான், 2024 அக்டோபர் முதல் வழங்கப்படும் தனிநபர் தவணைக் கடன்களுக்கு, கட்டணங்களும் அடங்கிய ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்துள்ளது.

விரைவுக்குத் தரும் விலை

வட்டியின் உண்மை விலையை அறிந்தும் தண்டலை நாடுவோர் உளர். அவர்களை அறியாமை உடையோர் எனத் தள்ளிவிடுதல் தவறு. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மலைத் தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்கு வண்டி வைக்க அந்த நேரத்தில் பணம் வேண்டும். வங்கி மலிவானது, ஆனால் தொலைவில் உள்ளது, ஆவணம் கேட்கிறது, நாளாகிறது. வட்டிக்காரர் வாசலுக்கு வருகிறார். ஐந்து நிமிடத்தில் தருகிறார். ஆகவே உயர்ந்த வட்டி என்பது பெரும்பாலும் விரைவுக்குத் தரும் விலையே.

இதனைக் கேரளத்தின் அனுபவமும் காட்டுகிறது. மக்கள் ‘பிளேடு’ என்றழைக்கும் கொடுவட்டிக்காரர் மீது 2014-இல் ‘ஆபரேஷன் குபேரா’ என்னும் பெயரில் மாநிலமெங்கும் காவல்துறை நடவடிக்கை எடுத்தது. ஆனால் தேவை நீடிக்கும்வரை அளிப்பவரும் தோன்றுவர். 2018-இல் கூட்டுறவுத் துறை ‘முற்றத்தெ முல்லா’, அதாவது முற்றத்து முல்லை, என்னும் திட்டத்தைப் பாலக்காடு மாவட்டத்திலேயே முதலில் தொடங்கிற்று. தொடக்க கூட்டுறவுச் சங்கத்தின் பணத்தைக் குடும்பஸ்ரீ மகளிர் வீட்டு வாசலிலேயே 12 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுத்து, சிறு தவணைகளாகத் திரும்பப் பெறுவது இதன் முறை. தொடக்கத்தில் உச்ச அளவு 25,000 ரூபாய். வட்டிக்காரரின் வலிமை அவரது நடையில் இருக்கிறது என்பதை உணர்ந்து, அந்நடையையே கூட்டுறவும் மேற்கொண்டது இத்திட்டத்தின் சிறப்பு.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இனி மீளும் வழியைக் காண்போம். விளக்கத்துக்காக ஒரு தோட்டக் குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். மாத வருவாய் 20,000 ரூபாய். கடன்கள் நான்கு:

1. தண்டல்: மீதி 6,000 ரூபாய், மாதம் 3,000 செலுத்துகின்றனர்.
2. தனியாரிடம் ஐந்து வட்டிக்கு 20,000 ரூபாய். மாதம் 1,000 வட்டி, அசல் குறைவதில்லை.
3. குழுக் கடன்: மீதி 30,000 ரூபாய், மாதத் தவணை 2,500.
4. நகைக் கடன்: 40,000 ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம், மாதம் 400 வட்டி.

மொத்தக் கடன் 96,000 ரூபாய். மாதம் 6,900 ரூபாய், அதாவது வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கடனுக்கே செல்கிறது. இந்நிலையில் பலரும் முதலில் நகையை மீட்க விரும்புவர். தொகையும் பெரிது, மானமும் அதில் அடங்கியுள்ளது. ஆனால் கணக்கு வேறு கூறுகிறது. 40,000 ரூபாய் நகைக் கடன் ஆண்டுக்கு 4,800 ரூபாயை உண்கிறது; 20,000 ரூபாய்த் தனியார் கடன் 12,000 ரூபாயை உண்கிறது. முதலில் களையவேண்டியது தொகை பெரிய கடனை அன்று. வட்டி பெரிய கடனையே.

முதற் படியாக, கடன்களை எல்லாம் ஒரே தாளில் எழுத வேண்டும். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைத்த கடனும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, தண்டல் இரண்டு மாதத்தில் தானே தீரும், அதனைப் புதுப்பிக்கலாகாது. மூன்றாவதாக, தண்டல் தீர்ந்ததும், கூட்டுறவிலோ வங்கியிலோ 12 சதவீதக் குறையும் வட்டிக்கு 20,000 ரூபாய் பெற்று ஐந்து வட்டிக் கடனை அடைக்க வேண்டும். ஓராண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 1,777 ரூபாய். மொத்த வட்டி 1,324 ரூபாய். முன்பு ஓராண்டில் 12,000 ரூபாய் கட்டியும் அசல் அப்படியே நின்றது. இப்போது ஓராண்டில் கடனே இல்லை. அடைக்கும்போது கையெழுத்திட்ட நோட்டையும் வெற்றுக் காசோலையையும் திரும்பப் பெறுதல் இன்றியமையாதது.

நான்காவது படியே உயிர்நாடி. தண்டலிலிருந்து விடுபட்ட 3,000 ரூபாயில், புதிய தவணைக்குக் கூடுதலாகச் செல்வது 777 ரூபாய்தான். மீதி 2,223 ரூபாயில் மாதம் 1,000 ரூபாயைத் தனிக் கணக்கில் இட்டால் ஒன்பது மாதத்தில் 9,000 ரூபாய் சேரும். தண்டல்காரர் கொடுத்த தொகையும் அதுவே. அடுத்த முறை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அவ்விரைவு குடும்பத்தின் கையிலேயே இருக்கும்.

நூறு நாள் தவறாமல் நூறு ரூபாய் கட்டும் குடும்பத்துக்குச் சேமிக்கத் தெரியாது என்று கூறுதல் பொருந்தாது. தண்டல் என்பதே தலைகீழான சேமிப்பு: முதலில் செலவு, பின்னர் கட்டாயச் சேமிப்பு, நடுவில் 1,000 ரூபாய் இழப்பு. அதே ஒழுங்கை முன்னால் மேற்கொண்டால் நூறு நாளில் 10,000 ரூபாய் முழுமையாகக் குடும்பத்தினுடையதாகும்.

காப்பும் எச்சரிக்கையும்

சேமிப்பால் தாங்க இயலாத பேரிடரைக் காப்பீட்டால் தாங்க வேண்டும். பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கும், விபத்துக்கான சுரக்ஷா திட்டத்தில் 20 ரூபாய்க்கும் தலா இரண்டு லட்சம் ரூபாய்க் காப்பு கிடைக்கிறது. குறி அல்லது சீட்டில் சேருவோர் அது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா எனக் காணவேண்டும். 1969-இல் நிறுவப்பட்ட கேரள மாநில நிதி நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது.

ஏல விவசாயிகள் விலையேற்றக் காலத்தில் கடன் பெறும்போது கூடுதல் எச்சரிக்கை கொள்ள வேண்டும். 2019-இல் ஏலத்தின் விலை ஒரு கட்டத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-இல் 1,000 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. உச்ச விலையை நம்பி வாங்கிய கடனைத் தாழ்ந்த விலையில் அடைப்பது அரிது. நல்ல ஆண்டின் வருவாயில் ஒரு பகுதி, வரவிருக்கும் தாழ்ந்த ஆண்டுக்குரியது எனக் கருதுதல் நன்று.

கணக்கு மட்டும் போதுமா?

சிக்கனத்தை மட்டுமே போதித்தல் நேர்மையாகாது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் போராடியபோது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸ் கோரிய அப்போராட்டத்தின் பின்னர்க் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. உணவுக்கே போதாத கூலியில் மிச்சம் பிடிக்கச் சொல்வது வீண் உபதேசம். கூலி, மருத்துவம், கல்வி ஆகியவை சீர்பட்டால்தான் மேற்கூறிய கணக்கும் நிலைக்கும்.

அலுவலர்களின் கடமையும் உண்டு. சிறுகடன் நிறுவனங்கள் 2022 முதல் ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் அனைத்தும் சேர்ந்து மாத வருவாயில் 50 சதவீதத்தை மிஞ்சாதவாறு கடன் தர வேண்டும் என்பது விதி. ஆனால் தண்டல் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே அதனை நேரில் கேட்டறிதல் வேண்டும். கொடுவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் கேரளத்தில் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. தமிழ்நாட்டுச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எல்லையின் எப்பக்கம் வாழினும் புகார் செய்ய வழி உண்டு என்பதை மக்கள் அறியச் செய்ய வேண்டும். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் விடை பெறவும் இடமளிக்கிறது. கடன் விண்ணப்பமும் விளக்கமும் தமிழில் கிடைத்தால், வட்டிக்காரருக்கு இருக்கும் மொழி நெருக்கம் கூட்டுறவுக்கும் கிட்டும்.

சுருங்கக் கூறின், வட்டியை ஆண்டுக் கணக்கில் அறிதல், விலையுயர்ந்த கடனை முதலில் அடைத்தல், அடைத்ததை மீண்டும் வாங்காதிருத்தல், அவசரத் தேவைக்குச் சிறுதொகை சேர்த்தல் ஆகிய நான்கும் குடும்பத்தின் பணி. விரைவான மலிவுக் கடனும் நியாயமான கூலியும் சமூகத்தின் பணி. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறும்போது, அந்த நூறு ரூபாய் நாள்தோறும் வாசலைக் கடந்து வெளியே செல்லாமல் வீட்டிலேயே தங்கும்.