பல்பு மாத்த யார் காசு தர்றது?



2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் நாங்கள் லயம் லயமாகப் போய், "குண்டு பல்பை மாத்துங்க, எல்.ஈ.டி. போடுங்க" என்று பேசினோம். ஒரு இடத்தில், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து நின்ற அம்மா ஒருவர் கேட்டார்: "ஐயா, மாத்துறது சரிதாங்க. மாத்துறதுக்குக் காச யாரு தர்றது?" எங்களிடம் பதில் இருக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். அவர் கேட்டதையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட். இரண்டு பல்பு என்றால் 18. அதே வெளிச்சம் தரும் 9 வாட்ஸ் எல்.ஈ.டி. இரண்டு போட்டால் 3 யூனிட்கூட வராது. நமது பில்லில் 30, 60, 90 என்று படி இருக்கிறது. 30ஐத் தாண்டினால் யூனிட் விலையும் ஏறும், மாதா மாதம் கட்டும் நிலையான கட்டணமும் ஏறும். 30க்குள் நிற்கப் பார்க்கிற வீட்டில் பல்புக்கே 18 போனால், டிவிக்கும் அயன் பண்ணவும் 12தான் மிச்சம். ஆகவே மாற்றினால் லாபம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் லாபம் பிறகு வருகிறது, காசை முன்னுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாட்சம்பளக் குடும்பம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். நாங்கள் பேசப் போனபோது யோசிக்காமல் விட்டதும் இதைத்தான்.

இந்தியாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கென்றே 2009இல் அங்கே ஈ.ஈ.எஸ்.எல். என்ற பெயரில் அரசாங்கக் கம்பனி ஒன்று தொடங்கப்பட்டது. அது 2014இல் முதலில் புதுச்சேரியில் வீடுகளுக்கு எல்.ஈ.டி. பல்பு கொடுத்தது. 2015 ஜனவரி 5ஆம் திகதி நாடு முழுவதுக்குமான திட்டமாகப் பிரதமர் மோடி அதைத் தொடங்கி வைத்தார். உஜாலா என்று பெயர்.

பல்பை இலவசமாகக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கம்பனி தன் முதலையும் கடனையும் போட்டு, டெண்டர் வைத்து, கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியது. பல இடங்களில் சனங்கள் முதலில் 10 ரூபாய் கட்டினால் போதும். மிச்சத்தை மாத பில்லோடு பத்துப் பத்து ரூபாயாகக் கழித்துக்கொண்டார்கள். பில் குறைந்த காசிலேயே பல்பின் கடன் தீர்ந்தது. கடைக்காரரிடம் கொப்பியில் எழுதி வாங்கிப் பழகிய நமக்கு இது புதிய வித்தை இல்லை, இங்கே கொப்பியைத் திறந்தது அரசாங்கம், அவ்வளவுதான்.

மொத்தமாக வாங்கியதால் விலையும் விழுந்தது. 2014 தொடக்கத்தில் கம்பனி ஒரு பல்பை 310 இந்திய ரூபாய்க்கு வாங்கியது. 2016இல் 38 ரூபாய். உலகம் பூராவும் எல்.ஈ.டி. விலை இறங்கிய காலம் அது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் கோடிக்கணக்கில் வாங்க ஒரு ஆள் நிற்கிறார் என்று தெரிந்தபோது உற்பத்தியாளர்கள் துணிந்து இறங்கினார்கள். இதுவரை 36 கோடிக்கு மேல் பல்பு போயிருக்கிறது.

அதே கம்பனி 2017இல் இன்னொன்றும் செய்தது. அரசாங்க உத்தியோகத்தர்கள் போய்வர 10,000 மின்சாரக் கார் வாங்க டெண்டர் வைத்தது. டாட்டா, மஹிந்திரா இரண்டும் எடுத்தன. திணைக்களங்களுக்கு மாத வாடகைக்குக் கொடுப்பது ஏற்பாடு. பல்பு ஓடிய மாதிரி கார் ஓடவில்லை. ஒரு தடவை சார்ஜ் பண்ணினால் போகிற தூரம் குறைவு, சார்ஜ் பண்ணும் இடங்களும் போதாது என்று முறைப்பாடு வந்தது. அறிவித்த எண்ணிக்கைக்குக் கிட்டக்கூடப் போகவில்லை. எங்கள் அபிப்பிராயம் இது: பல்புக்கு ஹோல்டர் ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருந்தது. காருக்கு அந்த ஹோல்டரையே முதலில் கட்ட வேண்டியிருந்தது.

இன்னுமொரு விஷயம். மின்சாரக் காரில் புகைக்குழாய் இல்லை, அதனால் தெருவில் புகை இல்லை. ஆனால் இந்தியாவில் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் வருகிறது. புகை வேறு ஊரில் கிளம்பும். நம் நாட்டிலும் மவுசாக்கலையில் தண்ணீர் இருந்தால் ஒரு கணக்கு, நுரைச்சோலையில் நிலக்கரி எரிந்தால் வேறு கணக்கு. எரிக்காமல் மிச்சம் பிடித்த யூனிட்டுக்கு எங்கேயுமே புகை கிடையாது. அதனால் நாங்கள் காரை விட பல்பைத்தான் முதலில் வைப்போம்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். நமது தோட்டத்தில் கோடி பல்பு வாங்க யாரும் இல்லை. ஆனால் ஒரு லயமோ, நலன்புரிச் சங்கமோ பெட்டிக் கணக்கில் வாங்கினால் ஒவ்வொருவராகக் கடையில் வாங்குவதை விட மலிவாக முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். சங்கம் முதலில் காசைப் போட்டு, வீட்டுக்காரர் மூன்று, நான்கு சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். உத்தரவாதம் எழுதிய பல்பாக இருக்க வேண்டும். மலிவு என்று வாங்கி இரண்டு மாதத்தில் பியூஸ் போனால் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கடைசி மூன்று மாத பில்லையும், வீட்டில் எத்தனை குண்டு பல்பு எரிகிறது என்ற எண்ணிக்கையையும் கொண்டு வாங்க. பில் தனியாக வராமல் சம்பளத்தில் கழிபடுகிறவர்கள் சம்பளச் சீட்டைக் கொண்டு வரலாம். உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.