சப்ளையர் அனுப்பிய வீடியோ, கடைக்காரருக்கு வந்த நோட்டீஸ்

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை நடத்துகிறேன். தீபாவளி நேரத்தில், சரக்கு அனுப்பும் சென்னை மொத்த வியாபாரி ஒரு விளம்பர வீடியோவும் அனுப்பினார். அதைப் புரொஜெக்டரில் கடைச் சுவரில் ஓடவிட்டோம். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு. பாட்டு உரிமைக் கட்டணம் வசூலிக்கும் ஓர் அமைப்பின் ஆட்கள் வந்து படம் பிடித்துப் போனார்கள். பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. வீடியோ நான் எடுத்ததில்லை, டிக்கெட்டும் விற்கவில்லை. யூடியூபில் சும்மா கிடைக்கும் பாட்டுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?
‍- லெபு பாசார் வாசகர்

பதில்: நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் வழக்கைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பாட்டைப் பொதுமக்கள் முன்னால் ஒலிக்கவிட உங்களுக்கு அனுமதி இருந்ததா? வீடியோவை யார் எடுத்தார் என்பது உங்களுக்கும் சென்னைக்காரருக்கும் உள்ள கணக்கு.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, ஒரு படைப்பைப் பொதுமக்களுக்கு நிகழ்த்துவதும் காட்டுவதும் ஒலிக்கவிடுவதும் உரிமையாளரின் தனி உரிமை. அனுமதியின்றி அதைச் செய்பவர் மட்டுமல்ல, செய்ய வைப்பவரும் பொறுப்பு என்கிறது 36ஆம் பிரிவு. பட்டனை அழுத்தியது கடைப் பையன் என்றாலும், அழுத்தச் சொன்னது நீங்கள். யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய கடையை வீட்டு ஹால் என்று வாதாட முடியாது. சென்னைக்காரர் வீடியோவில் பாட்டைச் சேர்க்க அனுமதி வாங்கியிருந்தாலும், பினாங்குக் கடையில் ஒலிக்கவிட அது போதும் என்று நம்பிவிடாதீர்கள். அவருடைய ஒப்பந்தத்தைப் பார்க்காமல் நானும் முடிவு சொல்ல மாட்டேன். டிக்கெட் இல்லை என்ற வாதமும் நிற்காது. டிக்கெட் இல்லாததற்குச் சட்டம் தரும் விலக்கு, லாப நோக்கமற்ற அமைப்புகள் அறப்பணிக்கோ கல்விக்கோ நடத்தும் நிகழ்ச்சிக்குத்தான். நீங்கள் விற்றது சேலை.

இனி, உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. 14 நாளில் பதில் கேட்ட நோட்டீஸை நான்கு மாதம் கல்லாப்பெட்டிக்குள் போட்டு வைத்தீர்கள். இடையில் உங்கள் தம்பி அந்த அமைப்பின் ஆளுக்கு வாட்ஸ்அப்பில், "பாட்டுப் போட்டது உண்மைதான் சார், இனிமே போட மாட்டோம்" என்று எழுதியிருக்கிறார். அவர்கள் நிரூபிக்க வேண்டியதில் பாதியை அவரே நிரூபித்துக் கொடுத்துவிட்டார். சென்னைக்காரர் தந்த அனுமதி எங்கே என்றால், "எல்லாம் வாங்கியாச்சு அண்ணே" என்ற குரல் பதிவு! எந்தப் பாட்டு, எந்த நாடு, எத்தனை நாள் என்று அதில் ஒன்றுமே இல்லை. சரக்குக்கு மீட்டர் கணக்கில் இன்வாய்ஸ் கேட்கிற நீங்கள் இதற்கு ஒரு தாள் கேட்கவில்லையே. பேசாமல் இருந்தால் ஆறிப்போகும் என்றும் எண்ண வேண்டாம். இத்தகைய வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நீதிமன்ற ரிட் கைக்கு வந்தால் 14 நாளுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வரலாம்.

சட்டப்படி நிர்ணயிக்கப்படும் இழப்பீடு ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை போகலாம்; மொத்தத்தில் 500,000 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. அது உச்சவரம்பு, எல்லாருக்கும் விழும் தொகையல்ல.

கேட்டவுடன் கட்டிவிடவும் வேண்டாம். ஒரு பாட்டில் இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமை வேறு. ஒலிப்பதிவு நிறுவனத்தின் உரிமை வேறு. முன்னதற்கு எம்ஏசிபி, பின்னதற்கு பிபிஎம் என்று இங்கே தனித்தனி அமைப்புகள் இயங்கிவந்திருக்கின்றன. உங்களுக்கு எழுதியவர்கள் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவால் அறிவிக்கப்பட்ட அமைப்பா, அந்தத் தமிழ்ப் பாட்டின் உரிமை எந்த வழியில் அவர்களிடம் வந்தது என்று எழுத்தில் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதாதீர்கள், தம்பி எழுதவே கூடாது. உரிமைகளுக்குப் பாதகமின்றி என்ற குறிப்போடு வழக்கறிஞர் எழுதட்டும்.

வீடியோவில் படக்காட்சிகளும் இருந்தால் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டமும் உள்ளே வரலாம். இலங்கைப் போர் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் தணிக்கையின்றித் திரையிட்ட வழக்கில், மனித உரிமை ஆர்வலர் லீனா ஹெண்ட்ரிக்கு 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. உங்களுடையது அந்த ரகமல்ல. ஆனாலும் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். புரொஜெக்டர் ஒளி கடைக்கு வெளியே, நடைபாதைப் பக்கம் விழுந்ததா என்பதையும் சொல்லுங்கள். உங்கள் தெரு பாரம்பரியப் பகுதிக்குள் இருப்பதால் மாநகராட்சியின் விளம்பர லைசன்ஸ் தனிக் கேள்வி.

இது பொதுவான விளக்கம் மட்டுமே. ஆவணங்களைப் பார்க்காமல் இதற்குமேல் சொல்வது பொறுப்பாகாது. அறிவுசார் சொத்து வழக்கு நடத்தும் வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பாருங்கள். நோட்டீஸை உறையோடு, வீடியோ இருக்கும் பென்டிரைவ், சென்னை இன்வாய்ஸ்கள், தம்பியின் கைப்பேசி எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். பயந்துபோய் எதையும் அழிக்க வேண்டாம். பாட்டை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.