பட்டாம்பூச்சி அச்சோவியம்: விலை எங்கே இருக்கிறது?

தேவராவிலிருந்து வில்லிங்டன் தீவைக் கடந்து மட்டாஞ்சேரிக்குச் சென்றால், பழைய சரக்குக் கிடங்குகள் சில கலைக்கூடங்களாக மாறியிருப்பதைக் காணலாம். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி–முசிறி பினாலே இம்மாற்றத்துக்கு ஊக்கமளித்தது. அங்கே ஒரு சுவரில், கேரள மாநிலப் பட்டாம்பூச்சியான புத்த மயூரியைக் காட்டும் அச்சோவியம் ஒன்று தொங்குவதாகக் கொள்வோம். படத்தின் கீழ் பென்சிலால் 12/75 என்ற எண், அருகே கையொப்பம். விலை முப்பதாயிரம் ரூபாய். அது தகுமா?

எழுபத்தைந்து படிகளில் இது பன்னிரண்டாவது என்பதே அவ்வெண்ணின் பொருள். ‘ஏ.பி.’ எனக் குறித்தவை ஓவியர் தமக்கென வைத்துக்கொள்ளும் படிகள்; அவை எத்தனை என்றும் கேட்டறிதல் வேண்டும். சிறிய எண்ணுக்கு விலை அதிகம் என்பர் சிலர். உலோகத் தகட்டை ஊசியால் நேரே கீறி அச்சிடும் முறையில் கீற்றின் விளிம்பு விரைவில் தேய்வதால், முதற்படிகள் கூர்மையாக அமைவது உண்மையே. திரை அச்சில் அவ்வேறுபாடு அநேகமாக இல்லை.

எண்ணைவிட முதன்மையானது அச்சிட்ட முறை. சுங்கக் கட்டண அட்டவணையின் 97ஆம் அத்தியாயம், கலைஞர் கையால் உருவாக்கிய தகட்டிலிருந்து நேரே எடுத்த படியையே மூல அச்சாக ஏற்கிறது. இயந்திர முறையிலும் ஒளிப்பட முறையிலும் எடுத்தவற்றை ஏற்பதில்லை. கணினிக் கோப்பிலிருந்து மைதெளித்து எடுக்கும் ‘ஜிக்லே’ படம் போலியன்று; கையொப்பத்துடன் நல்ல விலைக்கும் விற்கிறது. ஆயினும், தகட்டைச் சிதைத்துவிட்டால் அச்சு நின்றுவிடும். கோப்போ அழியாமல் இருக்கும். அங்கே எண்ணிக்கைக்குக் காப்பு, வெளியிட்டவரின் வாக்கு ஒன்றே.

பிரித்தானியக் கலைஞர் டேமியன் ஹர்ஸ்டின் ‘தி எம்பிரஸஸ்’ வரிசை இதற்குத் தக்க சான்று. 2022இல் வெளிவந்த அவ்வரிசையில், பட்டாம்பூச்சிச் சிறகுகளால் அமைந்த ஐந்து படங்கள். ஒன்றின் பெயர் நூர்ஜகான். படிகளின் எண்ணிக்கை முன்னரே வகுக்கப்படவில்லை. குறித்த நாள்களுக்குள் வந்த வேண்டுகோள்களைக் கொண்டே முடிவாயிற்று. வாங்குவோரின் ஆவலே எல்லையை வகுக்குமாயின், அதனை எல்லை என்றழைக்க எமக்குத் தயக்கமுண்டு.

இதற்கு நேர்மாறாக, கிளிமானூர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்துப் படங்களில் எண்ணும் இல்லை, பென்சில் கையொப்பமும் இல்லை; ஏராளமாக அச்சாகி வீடுதோறும் தொங்கின. அவற்றுள் ஈரத்துக்கும் பூச்சிக்கும் தப்பியவற்றை இன்று சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். அருமை எண்ணால் மட்டும் வருவதன்று.

ஆகவே, விற்பவர் கேட்கும் விலையை மதிப்பெனக் கொள்ளலாகாது. அதே கலைஞரின் அதே முறை அச்சு ஏலத்தில் உண்மையில் எவ்விலைக்குப் போயிற்று என்று பார்த்து, விற்பவருக்கான ஏல நிறுவனத் தரகையும் கழித்துப் பார்ப்பதே முறை. இளங்கலைஞர் பலருக்கு அத்தகைய ஏலப்பதிவே இராது. அந்நிலையில் மறுவிற்பனை மதிப்பைச் சுழியமாகக் கொண்டு, அப்போதும் அப்படம் வேண்டுமா என்று எண்ணிப் பார்க்கலாம். பட்டாம்பூச்சி எளிதில் விலைபோகும் உருவம். வெறும் அலங்காரப் படங்களும் இத்துறையில் மலிந்துள்ளன.

கொச்சியின் ஈரக்காற்றில் தாளில் பழுப்புப் புள்ளிகள் படியும். அமிலமற்ற அட்டையில் பொருத்தி, தாள் கண்ணாடியைத் தொடாதவாறு சட்டமிடுதல் வேண்டும். வெயில் படும் சுவரும் கடற்காற்று மோதும் வெளிச்சுவரும் ஆகா. படியின் ஓரத்தை வெட்டிவிட்டால் மதிப்புப் பெரிதும் குறையும். சட்டமிடுவோரிடம் இதனை முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

வருமான வரிச் சட்டம் கலைப்பொருளை வீட்டுப் புழங்குபொருளாகக் கருதுவதில்லை. விற்று ஆதாயம் வந்தால் மூலதன ஆதாய வரி உண்டு. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அது நீண்டகால ஆதாயம். கணக்கிட, வாங்கிய ரசீது வேண்டும். அதனையும், சான்றிதழையும், பென்சில் எழுத்துத் தெளிவாகத் தெரியும் ஒளிப்படத்தையும் வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாம். படத்தை அன்று, அது காற்றோட்டமுள்ள உட்சுவரிலேயே இருக்கட்டும்.