'பிசகாமல்' – சொல்லும் பொருளும்

'சரியாக', 'தவறாமல்', 'துல்லியமாக', 'பிசகாமல்' ஆகிய நான்கையும் ஒருபொருட் பன்மொழியாகக் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். மாணவரும் எழுதிக்கொள்கிறார். ஆனால் 'அவள் தவறாமல் பள்ளிக்கு வருகிறாள்' என்பது இயல்பான தொடர். 'பிசகாமல் பள்ளிக்கு வருகிறாள்' என்றால் காது ஏற்பதில்லை. ஏன் என்பதை மாணவரிடமே கேட்கலாம்.

சொல்லின் அடி

'கால் பிசகிவிட்டது' என்றால் எலும்பு உடைந்ததாகப் பொருளில்லை. மூட்டு தன் இடத்தைவிட்டுச் சற்று விலகியது என்று பொருள். ஆகவே பிசகுதல் என்பது இருக்கவேண்டிய இடத்திலிருந்து விலகுதல். 'பிசகாமல்' எதிர்மறை வினையெச்சம். 'பிசகாத' எதிர்மறைப் பெயரெச்சம். 'கைப்பிசகு' என்பதில் 'பிசகு' பெயராகவே நிற்கிறது.

நான்கு சொற்களின் வேறுபாட்டை இவ்வாறு காட்டலாம்:

• சரியாக – ஒருமுறை நிகழ்ந்தாலும் போதும். (விடையைச் சரியாகச் சொன்னான்.)
• தவறாமல் – விடுபடாமல். (2019-இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதரைத் தரிசித்தோர், 40 ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும் விழா என்றனர்.)
• துல்லியமாக – அளவு நுட்பமாக. (எடையைத் துல்லியமாக அளந்தாள்.)
• பிசகாமல் – தொடர்ந்து செய்யும்போது ஒவ்வொரு முறையும் விலகாமல். (தாளம் பிசகாமல் பாடினார்.)

'இம்மி பிசகாமல்' என்ற வழக்கையும் விளக்கலாம். பழந்தமிழ்ப் பின்னங்களில் காணி 1/80, முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/1,02,400. அதனினும் சிறியது இம்மி.

தறியிலிருந்து ஒரு சான்று

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கும் இருபுறக் கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளரோடு பக்கத்தில் ஒரு துணையாளும் அமர்வார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தில் சரியாகப் பற்றினால் போதாது. ஐந்தரை மீட்டர் நீளமும் பிசகாமல் பற்ற வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதை அவர்களே விளக்குவார்கள்.

தறி இன்னொன்றும் கற்பிக்கிறது. ஊடை ஓரிடத்தில் நழுவினால் அது கைப்பிசகு. ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தவறாக விழுந்திருந்தால், அதே குறை ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் திரும்ப வரும். அதற்கு நெசவாளரின் கவனத்தைக் குறைசொல்லிப் பயனில்லை; அட்டையைத் திருத்த வேண்டும்.

விடைத்தாளில் இந்த வேறுபாடு

ஒரு மாணவர் எழுதிய விடைகள்:

52 – 17 = 45
84 – 39 = 55
70 – 26 = 56

மூன்றும் தவறு. ஆனால் மூன்றிலும் அவர் சிறிய இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்தே கழித்திருக்கிறார். ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார், விதிதான் தவறு. இத்தாளில் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதினால், கவனமாகச் செய்த பிள்ளைக்கு அநீதி செய்கிறோம். அடுத்தமுறை இன்னும் கவனமாக அதே தவறைச் செய்வார். பத்துகளைப் பிரித்துக் கடன் வாங்குவதைக் குச்சிக் கட்டுகளால் மீண்டும் கற்பிப்பதே தீர்வு. 'பள்ளி'யை ஒருமுறை 'பல்லி' என எழுதுவதும், எல்லா ளகரத்தையும் லகரமாக எழுதுவதும் இவ்வாறே வெவ்வேறானவை.

வகுப்பில் செய்ய

1. 'பிசகாமல்', 'தவறாமல்' இரண்டையும் வைத்து மாணவர் தொடர்கள் அமைக்கட்டும். எங்கு ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொருந்தாது என்று குழுவாகப் பேசட்டும்.
2. தாளம், கோலம், நெசவு, தச்சு ஆகியவற்றில் 'பிசகு' எப்படித் தெரியும் என்று வீட்டில் கேட்டு வரட்டும்.
3. ஒரே வகைக் கணக்கை வெவ்வேறு நாள்களில் ஐந்துமுறை கொடுங்கள். மதிப்பெண்ணோடு, தவறு ஒரே இடத்தில் வருகிறதா, இடம் மாறுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் மாறும் தவறுக்குப் பயிற்சி தேவை. இடம் மாறாத தவறுக்கு மீண்டும் கற்பித்தல் தேவை.