காவல் காக்கும் கணக்கேடு

நுழையும்முன்

அறிவியல் ஆக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது. ஒரே வேதிப்பொருள் எழுதும் மையாகவும் கொல்லும் நஞ்சாகவும் மாறக்கூடுமெனில், அதனைக் காப்பது எவ்வாறு? அதற்கான விடையை இப்பாடம் விளக்குகிறது.

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலைக் குன்றின்மேல் இராசசிம்மப் பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோவிலில், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளைக் கடந்த உமையின் ஓவியத்தை இன்றும் காணலாம். பொருள்களின் இயல்பறிந்து வண்ணம் குழைத்த அறிவுக்கு அது சான்று. அதே மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை, மொகலாயத் தளபதி சுல்பிகர்கானின் முற்றுகையை 1690 முதல் 1698 வரை தாங்கி நின்றது. மதில்கள் வாளையும் குண்டையும் தடுத்தன. ஆனால், காற்றைத் தடுக்கும் மதில் இல்லை.

1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் செருமானியப் படை குளோரின் வாயுவைக் காற்றில் கலந்தது. அக்கொடுமையை உணர்ந்த உலகம், 1925இல் ஜெனீவா நெறிமுறையின்வழி நச்சுவாயுப் போரைத் தடைசெய்தது. எனினும், நஞ்சை ஆக்குவதையும் சேமிப்பதையும் அது தடுக்கவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே வேதி ஆயுத ஒப்பந்தம். 1993இல் இந்தியா அதில் கையொப்பமிட்டது. 1997 ஏப்ரல் 29 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

இருமுகப் பொருள்கள்

டாபுன் என்னும் நரம்பு நஞ்சு, 1936இல் பூச்சிக்கொல்லி ஆராய்ச்சியின்போது கண்டறியப்பட்டது. தயோடைகிளைகால் என்னும் பொருள் பேனா மைக்கும் துணிச்சாயத்துக்கும் உதவுகிறது. கடுகு வாயுவுக்கும் அதுவே மூலப்பொருள். இத்தகையவற்றை முற்றிலும் தடைசெய்தால் தொழில் முடங்கும். கண்காணிக்காமல் விட்டால் உயிர்கள் மடியும். ஆகவே, அளவறிந்து கணக்கிடுதலே உலகம் தேர்ந்த வழி.

தேசிய ஆணையத்தின் பணி

உறுப்பு நாடு ஒவ்வொன்றும் இதற்கெனத் தேசிய அமைப்பொன்றை நிறுவவேண்டும். இந்தியாவில் அமைச்சரவைச் செயலகத்தின்கீழ் தேசிய ஆணையம் இயங்குகிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வலுவூட்டுகிறது. பட்டியலிடப்பட்ட வேதிப்பொருள்களை ஆக்கும் தொழிற்சாலைகளிடமிருந்து அது விவரங்களைத் திரட்டி, நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு அமைப்புக்கு அனுப்புகிறது. அவ்வமைப்பின் ஆய்வர்கள் வரும்போது உடன்சென்று, ஏட்டிலுள்ள அளவும் ஆலையிலுள்ள அளவும் ஒத்திருப்பதைச் சரிபார்க்கத் துணைநிற்கிறது. அயல்நாடுகளுக்குச் செல்லும் அப்பொருள்களும் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவையே.

பிறரிடம் கணக்குக் கேட்பவர் தம் கணக்கை முதலில் காட்டவேண்டும். தன்னிடம் வேதி ஆயுதங்கள் இருப்பதை இந்தியா 1997இல் வெளிப்படையாக அறிவித்தது. ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட அக்கையிருப்பு முழுவதையும் பன்னாட்டு ஆய்வர்களின் மேற்பார்வையில் 2009இல் அழித்து முடித்தது. சொல்லும் செயலும் ஒன்றியதால் விளைந்த நம்பிக்கையே இன்று நாட்டுக்கு அரணாகிறது. அவ்வரணை எழுப்புவோர் படைவீரர் மட்டுமல்லர்; ஆய்வகத்தில் ஒவ்வொரு கிராமையும் பிழையின்றிப் பதிவுசெய்யும் வேதியியலாரும் ஆவர்.

கற்பவை கற்றபின்

1. 'இருமுகப் பொருள்கள்' என்பதைச் சான்றுடன் விளக்குக.
2. 'தடைசெய்வதைவிடக் கணக்கிடுதலே சிறந்தது' – வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.