தொழுநோயும் நம் தயக்கமும்

தெருச் சண்டையில் வசை முற்றும்போது, "உன் கை அழுகிப் போக" என்று மண்ணை வாரித் தூற்றுவதை நாம் கேட்டிருக்கிறோம். 'பேதியில் போக' என்னும் வசைக்கு இன்று அவ்வளவு வலு இல்லை. பேதிக்கு மருந்து வந்ததும் அச்சம் போயிற்று. தொழுநோய்க்கும் மருந்து வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அச்சம் மட்டும் ஏன் போகவில்லை?

அச்சத்தின் வேர் பழையது. நாலடியாரில் 'தீவினையச்சம்' என்னும் அதிகாரத்தில் ஒரு பாட்டு, முற்பிறவியில் நண்டின் காலை ஆசையோடு முறித்துத் தின்றவருக்கே விரல் அழுகும் தொழுநோய் வரும் என்கிறது. உயிர்க்கொலைக்கு அஞ்சிய சமண முனிவர்களின் உள்ளம் போற்றத்தக்கதே. ஆனால் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் எங்கள் பெண்ணாடத்தில் வயல் நண்டு ரசம் வைக்காத வீடு எத்தனை? அந்தக் கணக்கு மெய்யானால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் விரல் மிஞ்சாது! 1954இல் வந்த 'ரத்தக் கண்ணீர்' படத்திலும் இதே கணக்குதான். நண்டின் இடத்தில் ஒழுக்கக்கேடு வந்து நிற்கிறது. எம்.ஆர். ராதாவின் நையாண்டியை நானும் விரும்பிப் பார்ப்பவன். எனினும், செல்வச் செருக்கோடு திரிந்தவனுக்குத் தண்டனையாகத் தொழுநோய் வருவதைக் கண்டு கைதட்டிய அரங்கில், அந்நோயுள்ள ஏழை ஒருவர் அமர்ந்திருந்தால் அவர் என்ன நினைத்திருப்பார்?

இது பாவத்தால் வருவதன்று, ஒரு நுண்ணுயிரால் வருவது என்பதை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். அறிவியல் மாணவனாகிய எனக்கு இந்த மைக்கோபாக்டீரியம் லெப்ரே வியப்பளிக்கிறது. நம் குடலில் வாழும் ஈ. கோலை தக்க சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். இதற்கோ ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். ஆய்வுக்கூடத் தட்டில் இதை இன்றளவும் வளர்க்க முடியவில்லை; சுண்டெலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்னும் ஓடு போர்த்த விலங்கிலும்தான் வளர்க்கிறார்கள். உடலில் புகுந்த பின் நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டு. சிலருக்கு இருபது ஆண்டும் ஆகலாம். விதைத்தது எது என்று தெரியாத அளவுக்கு அறுவடை தாமதமாகும்போது, மனிதன் முற்பிறவியில் காரணம் தேடியது இயல்பே என்று எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவம் பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்வோருக்கு, அவரது மூக்கு, வாய் வழி வரும் நீர்த்திவலைகளால் இது பரவக்கூடும். உடன் அமர்ந்து உண்பதாலோ கை குலுக்குவதாலோ பரவுவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இயற்கையிலேயே எதிர்ப்பாற்றல் உண்டு. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தில் ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் ஆகியவை உள்ளன. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உட்கொண்டால் நோய் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் ஆற்றல் பெரும்பாலும் அற்றுவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை.

இவ்வளவும் இருக்க, என் அத்தையின் இரண்டு விரல்கள் மடங்கிப் போயின.

அத்தை விருத்தாசலத்தில் ஒரு சிறு பீங்கான் பட்டறையில் வேலை செய்தார். முழங்கைக்கு மேலே வெளிறிய தேமல் ஒன்று தோன்றியது. அரிப்பில்லை, வலியில்லை. அப்போது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை நீண்ட ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து, சூளையிலிருந்து சுட்ட அகல் விளக்குகளை இறக்கும்போது, கையில் கொப்புளம் எழும்பியிருப்பதை அவர் அறியவில்லை; பக்கத்தில் நின்ற பெண் பார்த்துத்தான் அலறினாள். அதற்குள் முழங்கை நரம்பு கெட்டு, சுண்டு விரலும் மோதிர விரலும் உள்வாங்கத் தொடங்கியிருந்தன. "வலிச்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன் தம்பி, வலிக்கலியே" என்பார். வலித்திருந்தாலும் சொல்லியிருப்பாரா என்பது என் ஐயம். நரம்பு கெட்டு ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் பிரட்னிசொலோன் மாத்திரையால் மீட்க வாய்ப்பிருந்தது என்றார் மருத்துவர். நாம் கண்டு அஞ்சுகிற அந்த மடங்கிய விரலை உண்டாக்கியதில் கிருமிக்குப் பாதிப் பங்கு என்றால், நம் அச்சத்துக்கு மறுபாதி.

விரல் தானாக அழுகி விழுவதில்லை என்று உலகுக்குக் காட்டியவர் கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், உணர்வற்ற கையைச் சுடும் பாத்திரமும், உணர்வற்ற காலைத் தைக்கும் முள்ளும், உறங்குகையில் கடிக்கும் எலியுமே உறுப்புகளைக் கொண்டுபோகின்றன என்று கண்டார். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையையும் செய்து காட்டினார். வலி என்பது உடலுக்கு வாய்த்த காவற்காரன். அவன் உறங்கிய வீட்டில் எது வேண்டுமானாலும் நுழையும்.

மருந்தே சில வேளை காட்டிக்கொடுத்துவிடுகிறது. குளோபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்கும். மாத்திரை முடிந்தால் மெல்ல நிறம் திரும்பும். அதற்குள் அக்கம்பக்கத்தில் கேள்விகள் பிறந்துவிடும். அத்தை குணமடைந்த பின்பும் பட்டறையில் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. ஓர் உறவினர் வீட்டுக் காதுகுத்தில் அவருக்கு மட்டும் இலையைத் திண்ணையில் போட்டார்கள்.

சட்டமும் மெதுவாகத்தான் நகர்ந்தது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க இடமளித்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீங்கியது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கும் வழி 2019இல்தான் அடைபட்டது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை நாடு எட்டியது. இதை 'ஒழிந்துவிட்டது' என்று பலர் பொருள் கொண்டனர். ஆனால் உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியர்களே.

எங்கள் ஊர்க் கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பெண்ணாடத்துக் கலிக்கம்ப நாயனார் அடியார்களின் கால் கழுவி அமுது படைப்பவர். ஒருநாள் அவர் வீட்டில் முன்பு ஏவல் செய்தவர் அடியார் கோலத்தில் வந்து நின்றார். 'நம் வேலையாள் அல்லவா' என்று மனைவி நீர் வார்க்கத் தயங்கினார். நாயனார் அவர் கையை வெட்டினார் என்கிறது பெரியபுராணம். வாளை எடுத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கரகம் கையில் இருக்க, நீர் விழாமல் நின்ற அந்தக் கணம் எங்கள் ஊரில் இன்னும் முடியவில்லை. அத்தைக்கு இப்போது பாதத்திலும் உணர்வு குறைவு. நாள்தோறும் காலை நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் பூச வேண்டும். அந்தத் தண்ணீரை எடுத்துக் கொடுக்க வீட்டில் யார் எழுவது என்பதில் முதலில் சிறு மௌனம் நிலவியது. பள்ளிக்கூடமே அறியாத என் தந்தைதான் எழுந்தார்.

நோயாளியோடு நெருங்கிப் பழகுவோருக்கு இப்போது ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்து, நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறார்கள். கிராமச் செவிலியர் அதற்காக எங்கள் வீட்டுக்குத் தாளும் பேனாவுமாக வந்தார். வீட்டில் இருப்பவர்கள், அண்டை வீட்டார், கூட வேலை செய்தவர்கள் யார் யார் என்று கேட்டார். அத்தை எங்கள் ஐந்து பேரின் பெயரைச் சொன்னார். அடுத்த வீட்டுக் குழந்தைகள் நாள் முழுதும் எங்கள் திண்ணையில்தான் விளையாடுவார்கள். அவர்கள் பெயரை எழுதினால் ஏன் மாத்திரை என்று கேட்பார்களே என்று அத்தை வாய் திறக்கவில்லை. செவிலியர் வற்புறுத்தாமல் ஐந்து பெயரோடு தாளை மடித்துக்கொண்டு, "மனசு மாறினா சொல்லுங்கம்மா, அடுத்த வாரமும் வருவேன்" என்றார். அவர் மூன்று முறை வந்துவிட்டார். தாளில் இன்னும் ஐந்து பெயர்தான்.